நீக்கலும் அழித்தலும்

நுழையும்முன்

கணினித் திரையின் ஓரத்தில் சிறு தொட்டியொன்று இருக்கிறது. நாள்தோறும் கண்ணில்படும் அதனைத் திறந்து பார்ப்போர் சிலரே. வேண்டிய கோப்பு காணாமற்போகும் நாளில்தான் அதன் நினைவு வருகிறது. அத்தொட்டியில் எவை விழுகின்றன, எவை விழாமலே போகின்றன, விழுந்தவை எத்துணைக் காலம் தங்கும் என்பவற்றைத் திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலின் பின்புலத்தில் இப்பாடம் விளக்குகிறது.

நொய்யலாற்றங்கரையில் அமைந்த திருப்பூரில், பின்னலாடை நிறுவனம் ஒன்றின் வெட்டு மேசையருகே சிறிது நேரம் நின்றால் ஒரு காட்சியைக் காணலாம். அடுக்கி விரித்த துணியின்மீது வெட்டுக்கருவி வளைந்து வளைந்து செல்கிறது. முன்பகுதி, பின்பகுதி, கை, கழுத்துப்பட்டை எனத் துணிப்பகுதிகள் தனித்தனிக் கட்டுகளாகின்றன. எஞ்சிய துண்டுகள் மேசைக்கடியில் குவிகின்றன. தொழிலாளர் இவற்றைக் 'கட்டிங் வேஸ்ட்' என்பர். ஆனால், இவற்றை யாரும் வீதியில் கொட்டுவதில்லை. வெள்ளைத் துண்டுகள் ஒரு மூட்டையாகவும் நிறத்துண்டுகள் வேறு மூட்டையாகவும் கட்டப்பட்டுக் கிடங்கிற்குச் செல்கின்றன. வணிகர் எடைபோட்டு வாங்கிச் சென்றபின் அவை பஞ்சாகப் பிரிக்கப்பட்டு, ஓ.இ. நூற்பாலைகளில் மீண்டும் நூலாகின்றன. சில துண்டுகள் எந்திரம் துடைக்கும் துணியாகப் பயன்படுகின்றன. நல்ல துணிப்பகுதி ஒன்று தவறிக் கழிவோடு சேர்ந்துவிட்டால், மூட்டை கிடங்கில் உள்ளவரை பிரித்துத் தேடி எடுத்துவிடலாம். மூட்டை வண்டியேறியபின் அது இயலாது.

அதே கட்டடத்தின் மாடியில் அலுவலகம் இருக்கிறது. அங்குள்ள கணினிகளில் வெளிநாட்டு வணிகர் அனுப்பிய அளவு அட்டவணைகள், நிறக்குறிப்புகள், பூத்தையல் வடிவங்கள், விலைப்பட்டியல்கள் முதலியன கோப்புகளாக உள்ளன. துணியின்மீது எப்பகுதியை எங்கு வைத்து வெட்டினால் கழிவு குறையும் என்பதைக் காட்டும் 'மார்க்கர்' என்னும் வரைவும் இன்று பெரும்பாலும் கோப்பே. அக்கோப்பு தொலைந்து, அவசரத்தில் வேறொன்று வரையப்படுமாயின், கீழ்த்தளத்து மூட்டையின் எடை கூடும். ஏற்றுமதி நாள் நெருங்கும்போது அளவு அட்டவணை காணாமற்போனால் இழப்பு இன்னும் பெரிது. இத்தகைய கோப்புகளுக்கும் ஒரு கிடங்கு உண்டு. விண்டோசு இயங்குதளத்தில் அதற்கு மறுசுழற்சித் தொட்டி என்று பெயர். உபுண்டு முதலிய லினக்சு இயங்குதளங்களில் குப்பைத்தொட்டி என்று பெயர்.

பெயரும் பொருளும்

'குப்பை' என்னும் சொல் இன்று நகர்ப்புறத்தில் வேண்டாத பொருளை மட்டுமே குறிக்கிறது. கொங்கு நாட்டு உழவர் வழக்கில் அது எருவையும் குறிக்கும். சாணமும் சருகும் குப்பைக்குழியில் சேர்ந்து, மக்கி, உழவுக்கு முன் நிலத்திற்குச் செல்லும். அக்குழி பொருளை அழிக்கும் இடமன்று. அடுத்த பயனுக்காகப் பொருள் காத்திருக்கும் இடம். கணினித் தொட்டிக்குக் 'குப்பை' என்று பெயரிட்டவர் இதனை எண்ணியிருக்க மாட்டார். ஆயினும் உழவர் பொருளே அதற்கு மிகப் பொருந்துகிறது.

தமிழில் 'நீக்கு', 'அழி' என இரு வினைகள் உள்ளன. இருந்த இடத்திலிருந்து அகற்றுவது நீக்கல். இல்லாமற் செய்வது அழித்தல். கணினிப் பயனர் அடையும் இழப்புகளில் பல, இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவதால் விளைபவை. நீக்கியதை அழிந்ததாகக் கருதி மனம் சோர்வோர் ஒருபுறம். அழியப்போவதை நீக்குவதாகவே எண்ணிச் சொடுக்குவோர் மறுபுறம். பின்னவர் நிலையே இரங்கத்தக்கது.

திரையில் தொட்டி தோன்றியது 1980களின் தொடக்கத்தில். ஆப்பிள் நிறுவனம் 1983இல் வெளியிட்ட லிசா கணினியிலும் 1984இல் வெளியிட்ட மெக்கின்டாசிலும் குப்பைக்கூடைப் பணிக்குறி இருந்தது. தொடக்கக் கால மெக்கின்டாசில் கணினியை நிறுத்தினால் தொட்டி தானே காலியாகிவிடும். 1991இல் வந்த ஏழாம் பதிப்பிலிருந்துதான், பயனர் சொல்லும்வரை பொருள்கள் அதில் தங்கும் வழக்கம் ஏற்பட்டது. மைக்ரோசாப்ட் நிறுவனம் தன் விண்டோசு 95 வழியாக 1995இல் மறுசுழற்சித் தொட்டியை அறிமுகம் செய்தது.

அதற்கு முந்தைய டாஸ் காலத்து நிலை வேறு. கோப்பை நீக்க ஆணையிட்டால், பெயர்ப்பட்டியலில் அக்கோப்புப் பெயரின் முதலெழுத்து மட்டும் ஒரு குறியாக மாற்றப்படும். உள்ளடக்கம் வட்டில் அப்படியே கிடக்கும். 1991இல் வெளிவந்த டாஸ் ஐந்தாம் பதிப்பில் மீட்புக் கட்டளை ஒன்று இருந்தது. அது, மீட்க வேண்டிய கோப்பின் முதலெழுத்து யாதெனப் பயனரிடமே கேட்கும். முதலெழுத்தைச் சொன்னால் கோப்பு திரும்பும். இடையில் வேறு கோப்பு அவ்விடத்தில் எழுதப்பட்டிருந்தால் திரும்பாது.

தொட்டிக்குள் நிகழ்வது

விண்டோசில் ஒரு கோப்பைத் தேர்ந்து டெலிட் விசையை அழுத்தினால், கோப்பின் உள்ளடக்கம் வன்தட்டில் இடம் பெயர்வதில்லை. அதன் முகவரி மட்டுமே மாறுகிறது. ஒவ்வொரு வட்டுப்பகுதியிலும் 'ரீசைக்கிள் பின்' என்ற பெயரில், டாலர் குறியை முன்னொட்டாகக் கொண்ட மறைவான கோப்புறை ஒன்று உண்டு. நீக்கப்பட்ட கோப்பு அதனுள் ஒரு புதுப்பெயர் பெறுகிறது. டாலர் குறி, 'ஆர்' என்னும் ஆங்கில எழுத்து, அவற்றையடுத்து ஒழுங்கற்ற ஆறு எழுத்துகள், இறுதியில் பழைய வகைப்பெயர் என அப்பெயர் அமையும். உடன், 'ஆர்' இருந்த இடத்தில் 'ஐ' என்னும் எழுத்தைக் கொண்ட சிறு துணைக்கோப்பு ஒன்றும் உருவாகிறது. கோப்பின் பழைய பெயர், இருந்த இடம், அளவு, நீக்கப்பட்ட நாள், நேரம் ஆகியன அத்துணைக்கோப்பில் பதிவாகின்றன. கிடங்கிலுள்ள மூட்டையையும் அதில் கட்டிய சீட்டையும் போன்றவை இவை. 'மீட்டமை' என்று ஆணையிட்டால் கணினி சீட்டைப் படித்து மூட்டையைப் பழைய இடத்திற்கே அனுப்புகிறது. அங்கிருந்த கோப்புறையே நீக்கப்பட்டிருந்தாலும் அதை மீண்டும் உருவாக்கிக்கொள்கிறது.

லினக்சிலும் இம்முறையே, சற்று வேறு வடிவில் உள்ளது. பயனரின் இல்லக் கோப்புறைக்குள் மறைவாக அமைந்த தொட்டியில் இரு அறைகள் உண்டு. ஒன்றில் கோப்புகள், மற்றொன்றில் அவற்றின் பழைய இடமும் நீக்கிய நேரமும் எழுதிய குறிப்புகள். எல்லா லினக்சுத் திரைமுகப்புகளும் ஒன்றுபோல் நடக்கவேண்டும் என்பதற்காக, ஃப்ரீடெஸ்க்டாப் என்னும் அமைப்பு இம்முறையைப் பொது வரையறையாக எழுதி வைத்துள்ளது.

இவ்வமைப்பிலிருந்து இரு செய்திகள் பெறப்படுகின்றன. முதலாவது, தொட்டியில் இட்டதால் வன்தட்டில் இடம் மிச்சமாகாது. காலியாக்கிய பின்னரே இடம் கிடைக்கும். இரண்டாவது, தொட்டி கணினிக்குப் பொதுவானது போல் தோன்றினாலும் ஒவ்வொரு பயனர் கணக்கிற்கும் தனித்தனியானது. பகலில் ஒருவரும் இரவில் மற்றொருவரும் வேலை செய்யும் அலுவலகக் கணினியில் இது முதன்மையானது. பகலில் வந்தவர் தம் கணக்கில் நீக்கிய கோப்பு, இரவில் வருபவரின் தொட்டியில் தெரியாது. 'தொட்டியிலும் இல்லை' என்று முடிவுகட்டுமுன், நீக்கியவர் யார், எந்தக் கணக்கில் நுழைந்திருந்தார் என்பதை வினவ வேண்டும்.

தெரிந்து தெளிவோம்

பாஸ் என்னும் இந்திய லினக்சு இயங்குதளத்தை சி-டாக் நிறுவனம் உருவாக்கி 2007இல் வெளியிட்டது. இது டெபியன் லினக்சை அடிப்படையாகக் கொண்டது. தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் இயங்கவல்லது. தமிழ்நாடு அரசு 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் மாணவர்க்கு வழங்கப்பட்ட கணினிகளில் விண்டோசுடன் பாஸ் இயங்குதளமும் இடம்பெற்றது.

தொட்டியைச் சேராதவை

நீக்கப்படும் யாவும் தொட்டிக்கு வரும் என்று நம்புவது தவறு. ஷிப்ட் விசையையும் டெலிட் விசையையும் சேர்த்து அழுத்தினால் கோப்பு தொட்டியைத் தொடாமலே போய்விடும். வேகமாக வேலை செய்வோர் சிலர் இப்பழக்கத்தைத் திறமை எனக் கருதுகின்றனர். அது மேசைக்கடியில் கூடை வைக்காமல் கழிவை நேரே வண்டியில் எறிவதற்கு ஒப்பாகும். தொட்டிக்கென ஒதுக்கிய அளவைவிடப் பெரிய கோப்பும் தொட்டிக்குள் செல்லாது. நிலையாக நீக்கவா என்று கணினி கேட்கும். கட்டளைச் சாளரத்தில் எழுதி நீக்குபவையும் தொட்டியைச் சேர்வதில்லை.

திருப்பூர் அலுவலகங்களில் மிகுந்த இழப்பை உண்டாக்கக்கூடியது வலைப்பகிர்வு. பல கணினிகள் ஒரே வழங்கிக் கணினியிலுள்ள பொதுக் கோப்புறையைப் பயன்படுத்துவது அங்கு இயல்பு. வணிகத் தொடர்பைக் கவனிக்கும் 'மெர்ச்சண்டைசர்' தம் மேசையிலிருந்து பொதுக் கோப்புறையைத் திறந்து, சென்ற பருவத்துக் கோப்புகள் எனக் கருதி ஒரு தொகுதியை நீக்குகிறார் என்க. அக்கோப்புகள் அவர் கணினியின் தொட்டியிலும் இரா. வழங்கியின் தொட்டியிலும் இரா. வலைவழி நீக்கப்படுபவை பொதுவாக அப்போதே அழிகின்றன. கணினி அப்போது காட்டும் எச்சரிக்கை, வழக்கமான 'தொட்டிக்கு அனுப்பவா' என்னும் வினாவன்று. 'நிலையாக நீக்கவா' என்னும் வினா. இரண்டிற்கும் ஒரே பெட்டி, ஒரே பொத்தான்; ஆதலால் படிக்காமலே சொடுக்கிவிடுகின்றனர். வழங்கியை நிருவகிப்போர் இதற்கெனத் தனித்தொட்டி அமைக்க முடியும். லினக்சு வழங்கிகளில் பயன்படும் சாம்பா மென்பொருளில் அதற்கான கூறு உண்டு. அதனை இயக்கி வைத்திருக்கிறார்களா என்று ஒருமுறை கேட்டறிவது நன்று.

மேலெழுதுதலும் தொட்டியின் எல்லைக்கு அப்பாற்பட்டது. சென்ற ஆண்டு அட்டவணையைத் திறந்து, எண்களை மாற்றி, அதே பெயரில் சேமித்துவிட்டால், பழைய அட்டவணை எங்கும் செல்லவில்லை. இருந்த இடத்திலேயே மறைந்துவிட்டது. அங்கு நீக்கல் என்னும் செயலே நிகழவில்லை. ஆகவே, தொட்டியில் தேடிப் பயனில்லை. பருவத்தையும் நாளையும் கோப்பின் பெயரிலேயே சேர்த்து எழுதும் பழக்கம் இதற்குத் தக்க மாற்று.

பென்டிரைவில் ஒளிந்த தொட்டி

அச்சுக்கூடத்திற்கும் பூத்தையல் கூடத்திற்கும் வடிவங்களைப் பென்டிரைவில் கொண்டுசெல்வது பின்னலாடைத் தொழிலில் அன்றாட நிகழ்ச்சி. இங்கு விண்டோசும் லினக்சும் எதிரெதிராக நடந்துகொள்கின்றன. விண்டோசில் பென்டிரைவிலிருந்து நீக்கியவை தொட்டிக்குச் செல்வதில்லை, அப்போதே நீங்கிவிடுகின்றன. லினக்சில், பென்டிரைவிலேயே புள்ளியில் தொடங்கும் பெயருடன் ஒரு மறைவுத் தொட்டி உருவாக்கப்பட்டு, கோப்பு அதனுள் வைக்கப்படுகிறது. பெயரின் இறுதியில் பயனரின் எண் இருக்கும். கணினியை முதலில் நிறுவியவர்க்கு அது பெரும்பாலும் 1000.

இதனால் இரு சிக்கல்கள் எழுகின்றன. கோப்புகளை எல்லாம் நீக்கிய பின்னும் பென்டிரைவ் நிறைந்திருப்பதாகவே கணினி கூறும். பென்டிரைவ் பழுதென்று எண்ணிப் புதிதாக வாங்குவோரும் உண்டு. அதனை மீண்டும் லினக்சுக் கணினியில் செருகிக் குப்பைத்தொட்டியைக் காலியாக்கினால் இடம் திரும்பிவிடும்.

மற்றது மறைபொருள் பற்றியது. புள்ளியில் தொடங்கும் பெயர்களை லினக்சு மறைத்து வைக்கும்; விண்டோசு மறைப்பதில்லை. ஒரு வணிகரின் புதிய வடிவத்தை நீக்கிவிட்டதாக எண்ணி, அதே பென்டிரைவை வேறு நிறுவனத்திற்குப் பணிசெய்யும் கூடத்தில் கொடுத்தால், அங்குள்ள விண்டோசுத் திரையில் அத்தொட்டி வெளிப்படையாகத் தெரியும். யாரும் திறந்து பார்க்கலாம். அடுத்த பருவத்து ஆடை கடைக்கு வருமுன் அதன் வடிவம் வெளியாவது, ஒப்பந்தத்தையே இழக்கச் செய்யும் தவறு. பென்டிரைவைக் கைமாற்றுமுன் மறைவுக் கோப்புறைகளைக் காட்டச் செய்து பார்ப்பதற்கு அரை நிமிடம் போதும்.

தொட்டி பழுதுபடும்போது

திரைமுகப்பில் தொட்டியின் பணிக்குறி காணப்படவில்லையெனில் பெரும்பாலும் பழுது ஏதுமில்லை, பணிக்குறி மறைக்கப்பட்டிருக்கிறது. விண்டோசு அமைப்புகளில் தனிப்பயனாக்கம் என்னும் பகுதியில் திரைமுகப்புப் பணிக்குறிகளுக்கான பட்டியலைத் திறந்து, மறுசுழற்சித் தொட்டிக்கு எதிரே குறியிட்டால் திரும்பத் தோன்றும்.

'மறுசுழற்சித் தொட்டி சிதைந்துள்ளது, காலியாக்கவா?' எனும் பொருள்பட விண்டோசு சில வேளைகளில் வினவும். மின்தடையால் கணினி திடீரென நின்றபோதோ, வட்டில் பிழை நேர்ந்தபோதோ இந்நிலை வரும். 'ஆம்' என்று சொன்னால் தொட்டி புதிதாக அமையும்; சிக்கலும் தீரும். ஆனால் உள்ளிருந்தவை போய்விடும். ஆதலின் வேண்டிய கோப்பு எதுவும் தொட்டியில் இல்லை என உறுதியானால் மட்டுமே அவ்விடையைத் தரவேண்டும். ஐயம் இருப்பின் 'இல்லை' எனக் கூறிவிட்டு, கணினி அறிந்த ஒருவரைக் கொண்டு மறைவுக் கோப்புறையைத் திறந்து, 'ஆர்' எழுத்துடன் தொடங்கும் கோப்புகளை வேறு வட்டிற்கு நகலெடுக்கலாம். சீட்டு கிழிந்திருந்தாலும் மூட்டை முழுமையாக இருக்கக்கூடும். பெயர்கள் புரியாதவையாக இருப்பினும் வகைப்பெயரைக் கொண்டு அட்டவணை எது, படம் எது எனப் பிரித்தறிய இயலும்.

லினக்சில், 'காலியாக்கு' என்ற பின்னும் தொட்டி காலியாகாமல் இசைவு மறுக்கப்படுவதுண்டு. நிருவாகியின் உரிமையில் உருவான கோப்புகளைக் கொண்ட கோப்புறை தொட்டியில் கிடப்பதே காரணம். நிருவாகி உரிமையுடன் அவற்றின் உடைமையை மாற்றியோ நீக்கியோ தீர்க்கலாம். அவ்வுரிமையுடன் நீக்கல் கட்டளையை எழுதும்போது மிகுந்த விழிப்பு வேண்டும். பாதைப்பெயரின் நடுவே தவறுதலாக ஓர் இடைவெளி விழுந்தால், தொட்டிக்குப் பதிலாகத் தொட்டியைத் தாங்கும் கோப்புறையே அழிந்துபோகலாம்.

தங்கும் காலமும் தாண்டிய பின்னும்

தொட்டியில் கிடப்பவை என்றும் கிடக்கும் என்பதற்கும் உறுதியில்லை. விண்டோசில் தொட்டிக்குரிய அளவு நிரம்பும்போது, முதலில் வந்தவை முதலில் ஓசையின்றி அகற்றப்படும். பெரிய ஒளிப்படங்களை ஒருவர் தொகுதியாக நீக்கினால், அவை உள்ளே வர, முன்பிருந்த சிறிய அட்டவணைகள் வெளியேறிவிடும். தொட்டியின்மீது வலச்சொடுக்கிப் பண்புகளைத் திறந்தால் இவ்வளவைக் கூட்டிக்கொள்ளலாம். 'கோப்புகளைத் தொட்டிக்கு அனுப்பாதே. உடனே நீக்கு' என்னும் பொருளுள்ள தேர்வில் குறி இடப்பட்டிருக்கிறதா என்பதையும் அங்கேயே பார்த்துவிட வேண்டும். அண்மைக் கால விண்டோசில் சேமிப்பு உணர்வி என்னும் வசதி உள்ளது. அது இயக்கப்பட்டிருந்தால், 30 நாள்களுக்கு மேல் தொட்டியில் கிடப்பவற்றைத் தானே அகற்றக்கூடும். நாள்களை மாற்றவோ வேண்டாமென நிறுத்தவோ இயலும். ஜிமெயிலின் தொட்டியும் 30 நாள்களே மடல்களை வைத்திருக்கும். ஒரு பின்னலாடை ஒப்பந்தம் மாதிரி ஆடையில் தொடங்கிக் கப்பலேறி முடிய 30 நாள்களுக்கு மேல் பிடிக்கும் என்பதை எண்ணினால், இயல்பான அமைப்பு தொழிலுக்குப் போதாது என்பது விளங்கும்.

நீக்கிய உடனே தவறு தெரிந்தால் கன்ட்ரோல் விசையுடன் 'இசட்' விசையை அழுத்துவதே எளிய வழி. தொட்டியும் காலியான பின் தெரிந்தால், செய்யத்தக்கது ஒன்றே: அவ்வட்டில் மேற்கொண்டு எதையும் எழுதாமல் நிறுத்துதல். காலியாக்கும்போதும் பழைய காந்த வன்தட்டுகளில் உள்ளடக்கம் உடனே துடைக்கப்படுவதில்லை. அவ்விடம் வெற்றிடம் எனக் குறிக்கப்படுகிறது. புதிய கோப்பு அங்கு எழுதப்படும்வரை மீட்பு மென்பொருளால் எடுக்க வாய்ப்புண்டு. மீட்பு மென்பொருளைத் தேடி அதே வட்டில் நிறுவுவதே பலர் செய்யும் பிழை. நிறுவப்படும் மென்பொருள் இழந்த கோப்பின் மீதே எழுதப்படலாம். வட்டைக் கழற்றி வேறு கணினியில் இணைத்துத் தேடுவதே முறை. இன்று பெருகிவரும் எஸ்.எஸ்.டி. வகை வட்டுகளிலோ இவ்வாய்ப்பு மிகக் குறைவு. நீக்கப்பட்ட இடங்களை இயங்குதளம் வட்டிற்கு அறிவிக்க, வட்டு அவற்றைத் தானே துடைத்துவிடுகிறது. வேகத்திற்காக வாங்கிய வட்டு, மறதியையும் வேகமாக்கிவிட்டது எனலாம்.

தமிழர்க்கு இவ்வகை இழப்பு புதிதன்று. பழைய ஏட்டுச் சுவடிகளை ஆடிப்பெருக்கில் ஆற்றில் விடும் வழக்கம் இருந்தது. உ. வே. சாமிநாதையர் சுவடி தேடிச் சென்ற ஊர்களில் நெருப்புக்கும் நீருக்கும் இரையான ஏடுகளைப் பற்றிக் கேட்டு வருந்தினார். நீக்கியவர்கள் அவற்றைப் பயனற்றவை என்றே கருதினர். ஒரு நூலின் வேறு படி எங்கோ ஒரு வீட்டில் இருந்தபோதுதான் அந்நூல் பிழைத்தது. வேறு படி இல்லாத நூல்களின் பெயர்கள் மட்டும் உரைகளில் எஞ்சின.

வேறு படி வைத்திருத்தலைக் கணினித் துறையில் காப்புநகல் என்பர். தொட்டி காப்புநகலுக்கு ஈடாகாது. அது அதே வட்டில், அதே கணினியில் இருப்பதால், வட்டு பழுதானால் தொட்டியும் உடன் போகும். நடப்புப் பருவத்தின் அளவு அட்டவணைகளையும் மார்க்கர் வரைவுகளையும் வாரம் ஒருமுறை வெளிவட்டு ஒன்றில் படியெடுத்து, அவ்வட்டைக் கணினியிலிருந்து கழற்றி வேறிடத்தில் வைக்கவேண்டும். சனிக்கிழமை வாரக்கூலி வழங்கும் வழக்கமுள்ள நிறுவனங்களில், கூலிப் பட்டியல் அச்சானதும் இப்பணியையும் முடித்துவிட்டுத் தொட்டியை ஒருமுறை திறந்து பார்க்கலாம். பெயர், நீக்கிய நாள், இருந்த இடம் என மூன்று நிரல்களும் அங்கு தெரியும். அவற்றை மேலிருந்து கீழாகப் படித்து, கப்பலேறாத ஒப்பந்தத்தின் பெயர் எதுவும் இல்லை என்று கண்ட பின்னரே 'காலியாக்கு' என்பதைச் சொடுக்கவேண்டும்.